தன்னார்வலர் என்று ஒரு வேலை

சமீப காலத்தில் தமிழில் மிக அதிகமாக வேலை வாங்கப்பட்ட சொல் எது என்று கேட்டால் 'தன்னார்வலர்' என்றுதான் சொல்வேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தச் சொல் தெருவில் பாய் விரித்து இருபது பிள்ளைகளை உட்கார வைக்கும். ஒருவனுக்குக் கழித்தல் வராது, ஒருத்திக்கு 'ழ' எழுத வராது, இன்னொருவன் அக்காவோடு துணைக்கு வந்தவன், வயது நான்கு. எல்லோரையும் ஒன்றரை மணி நேரம் சமாளித்து அனுப்பிவிட்டு, அந்தச் சொல் வீட்டுக்குப் போய் உலை வைக்கும். மாதம் 1,000 ரூபாய் வாங்கும். அதைச் சம்பளம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதற்கும் ஒரு சொல் இருக்கிறது: ஊக்கத்தொகை.

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இதைத் தொடங்கிவைத்தார். கொரோனாவில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்பது நோக்கம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வகுப்பு. இருபது பிள்ளைக்கு ஒருவர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும், அதற்கு மேல் என்றால் பட்டப்படிப்பு வேண்டும். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், 33 லட்சம் பிள்ளைகள் என்கிற அளவுக்கு அது வளர்ந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அந்தத் திட்டத்தைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை. அது ஜெயித்த திட்டம் என்றே நினைக்கிறேன். அந்த வெற்றியை நாம் வாசித்த விதத்தோடுதான் எனக்குச் சண்டை. ஒரு கதையைத் தப்பாக வாசித்தால் கதைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒரு திட்டத்தைத் தப்பாக வாசித்தால் அடுத்த வருட பட்ஜெட்டில் அது காணாமல் போகும்.

*

வெற்றி என்று எதை வைத்துச் சொல்கிறேன்?

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு 2021 டிசம்பரில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கணக்கில் 0.73 திட்டவிலக்கம், தமிழில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியல் பிடிக்காதவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: முன்பு வகுப்பின் நடுவில் நின்ற ஒரு பிள்ளை, கணக்கில் ஏறக்குறைய கடைசிக் கால்வாசிக்குப் போய்விட்டது.

பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. மூன்று நான்கு மாதம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கணக்கில் 0.17, தமிழில் 0.09 திட்டவிலக்கம் முன்னேறினார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள் என்பதையும் கண்டார்கள்.

இந்தக் கடைசி வரி ஏன் பெரிய விஷயம் என்று புரிய உத்தரப் பிரதேசம் ஜவுன்பூர் வரை போய்வர வேண்டும். பின்னாளில் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 'பிரதம்' அமைப்போடு அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். 2010இல் வெளியானது. கிராமத்து இளைஞர்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்றி, பள்ளிக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தச் செய்தார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் வந்ததே 8 சதவீதப் பிள்ளைகள்தான். மருந்து வேலை செய்தது, மருந்துக் கடைக்குத்தான் ஆள் வரவில்லை.

இங்கே லட்சக்கணக்கில் வந்தார்கள். அரசின் உந்துதல் ஒரு காரணம், பள்ளி மூடிக் கிடந்த பயம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை எங்கள் ஊரில் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். என் சித்தி மகள் அங்கே ஒரு மையம் நடத்தினாள். பி.எஸ்சி. கணிதம், பி.எட். படித்துவிட்டுக் கல்யாணம் ஆகி வந்து ஏழு வருடமாக வீட்டில் இருந்தவள். தெருவில் அவளுக்கு அதுவரை இருந்த பெயர், இன்னார் மருமகள். வகுப்பு தொடங்கி ஒரு மாதத்தில் 'மிஸ்' ஆகிவிட்டாள். கடைக்காரர்கூட மிஸ் என்றுதான் கூப்பிட்டார். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அவளுக்கு வீடு தெரியும், அந்த வீட்டில் அன்று சண்டை என்பதும் தெரியும். நேரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவாள். ஜவுன்பூரில் காலியாகக் கிடந்த பாய் இங்கே நிறைந்ததற்குப் பின்னால் இப்படிப் பல்லாயிரம் மிஸ்கள் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தரம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஆள்தான். கையேடு, செயலி, வண்ண அட்டை எல்லாம் அவளுக்குப் பின்னால் வருபவை.

*

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 22 நாள் என்று வைத்தால் 33 மணி நேரம். 1,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 30 ரூபாய். 2022-23இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 281 ரூபாய். நான்கு நாள் கண்மாய்க்கரைக்குப் போனால் அந்த மாத ஊக்கத்தொகையைத் தாண்டிவிடலாம். 'எதுக்குக்கா இந்த வேலை?' என்று அவளிடம் கேட்டதற்கு, 'வேலைன்னு யாரு சொன்னா? சேவைன்னுல்ல சொல்லியிருக்காங்க' என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

2 லட்சம் பேருக்கு மாதம் 1,000 என்றால் வருடத்துக்கு 240 கோடி. கேட்கப் பெரிய தொகை. 33 லட்சம் பிள்ளைகளுக்கு வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் சுமார் 60 ரூபாய். நான்கு டீக்காசு. 2024-25இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறைக்கு ஒதுக்கியது 44,042 கோடி. அதில் இது அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும்.

இத்தனை மலிவாக இத்தனை பலன் கிடைத்ததே என்று கொண்டாடலாம். கொண்டாடினார்கள். கொள்கை உலகத்தில் இதற்கு 'செலவுத் திறன்' என்று பெயர். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் வேறொரு மணி அடிக்கும். ஒரு சர்வர் எதிர்பார்த்ததைவிட ரொம்ப மலிவாக ஓடினால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம், செலவு வேறு எந்தக் கணக்கில் விழுகிறது என்று தேடுவோம். இங்கே அது அவள் வீட்டுக் கணக்கில் விழுந்தது. கணவர் சம்பாத்தியம், மாமியார் பார்த்துக்கொண்ட குழந்தை, அவளே வாங்கிய சாக்பீஸ், ஏழரை மணிக்குத் தொடங்கிய சமையல். அரசு போட்டது 1,000. மீதியை அந்த வீடு போட்டது. ஆய்வுக் கட்டுரையின் எந்த அட்டவணையிலும் மாமியாருக்கு ஒரு பத்தி கிடையாது.

பிறகு அவளுக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, மாதம் 9,000 ரூபாய். போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்? அடுத்து வந்த பெண் மூன்று மாதம் இருந்தாள். அதற்கடுத்து ஆளில்லை. பிள்ளைகள் ஒரு வாரம் வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கலைந்தார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். இதைக் கணினியில் 'மையம் செயல்படவில்லை' என்று ஒரு கட்டமாகப் பதிவு செய்யலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பெரிய மனிதர் சொல்லாமல் போய்விட்ட செய்தி.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நம் வாசகர்கள் உடனே சொல்வார்கள்: அறிவொளி.

நியாயம்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் காசு வாங்காமல் இளைஞர்களும் பெண்களும் ஊர் ஊராக எழுத்தறிவித்தார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதே ஓர் இயக்கமானது. ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' படித்தவர்களுக்கு அந்தக் காலத்தின் சூடு தெரியும். கூலி இல்லாமல் நடந்ததால்தான் அது இயக்கம், கூலி வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று அதைப் பார்த்தவர்கள் சொன்னால் நான் மரியாதையோடு கேட்டுக்கொள்வேன்.

ஆனால் அறிவொளி ஒரு திருவிழா மாதிரி. தேர் இழுக்க ஊரே வரும், யாருக்கும் கூலி தர வேண்டாம். கோயிலில் தினமும் விளக்கேற்றுபவருக்குக் கூலி வேண்டும். ஒரு பிள்ளையின் சாயங்காலம் வருடத்துக்கு இருநூறு முறை வருகிறது, எட்டு வருடத்துக்கு வருகிறது. அதைத் தேரிழுக்கும் கூட்டத்தை நம்பி விட முடியாது. என் தொழில் பாஷையில் சொன்னால், லாஞ்ச் வேறு, மெயின்டெனன்ஸ் வேறு. லாஞ்சுக்குக் கேக் வெட்டுவார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து சரிசெய்பவனின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனாலும் அவனுக்கு எங்கள் தொழிலில் சம்பளம் உண்டு.

இந்தியாவில் பெண்கள் செய்யும் பொதுவேலைக்கு இப்படி வேறு பெயர் வைப்பது புதிதல்ல. அங்கன்வாடி ஊழியர் வாங்குவது 'மதிப்பூதியம்'. கிராமச் சுகாதாரத்தைத் தாங்கும் ஆஷா பணியாளரும் கணக்கில் தன்னார்வலர்தான், கிடைப்பது ஊக்கத்தொகை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நடுவில் இருந்ததே ஒரு சொல்தான்: மதிப்பூதியம் ஊதியமா, இல்லையா? ஊதியம்தான் என்றது நீதிமன்றம். 1975இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இந்தச் சொல்லை உடைக்க 47 வருடம் ஆகியிருக்கிறது. இலக்கிய விமர்சனம் படிப்பவர்கள் சட்டத் தீர்ப்புகளையும் படிக்க வேண்டும் என்று நான் நண்பர்களிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். சொல்லாராய்ச்சி சில நேரம் சோறு போடும்.

*

அரசு போகட்டும், நிறுவனங்கள் தரலாமே என்பது அடுத்த யோசனை. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கிட்டே இருந்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நாற்பது பேர் பஸ்ஸில் போய் ஒரு சாயங்கால மையத்தின் சுவரில் சூரியனும் பட்டாம்பூச்சியும் வரைந்தோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். இரண்டு டேப்லெட் கொடுத்தோம். அங்கே பாடம் நடத்தும் அக்கா ஓரமாக நின்று எங்களுக்கு மோர் ஊற்றினார். 'உங்களுக்கு எவ்ளோ தர்றாங்கக்கா?' என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைவிட எங்கள் பஸ் வாடகை அதிகம். சம்பளத்துக்குக் கொடுக்கலாமே என்று பொறுப்பாளரிடம் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார்: 'அது ரெக்கரிங் செலவுப்பா. ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.'

அவர் கெட்டவர் இல்லை. விதியும் அவர் பக்கம்தான். சமூகப் பணி விதிகளில் 'தொடரும் திட்டம்' என்றால் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுக்குள் முடிய வேண்டும். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்காம் வகுப்பை முடிக்கும்போது பணமும் முடிந்துவிடும். சுவருக்குப் பணம் கிடைப்பதும், ஆளுக்குக் கிடைக்காததும் யாருடைய மனக்குறையாலும் அல்ல, பணத்தின் வடிவமே அப்படி. நிறுத்திவிடக் கூடிய காசுக்கு நிறுத்திவிடக் கூடிய பொருள்தான் வாங்க முடியும்.

*

காசு தாராளமாக இருக்கும் நாட்டில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் '21ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 1998இல் 4 கோடி டாலரில் தொடங்கி 2002க்குள் 100 கோடி டாலராக வளர்ந்தது. 2003இல் மேத்தமேட்டிகா நிறுவனம் செய்த மதிப்பீட்டின் முதல் அறிக்கை வந்தது. மதிப்பெண்ணில் பெரிய முன்னேற்றம் இல்லை என்றது. புஷ் அரசு உடனே நிதியை 60 கோடியாகக் குறைக்கப் பார்த்தது. நாடாளுமன்றம் தடுத்தது. 2017இல் டிரம்ப் அரசு திட்டத்தையே நிறுத்த முன்மொழிந்தது. இந்த வகுப்புகளும் அங்கே தரும் சாப்பாடும் பிள்ளைகளைப் படிப்பில் முன்னேற்றுகின்றன என்பதற்கு நிரூபணம் இல்லை என்று அப்போதைய பட்ஜெட் இயக்குநர் மிக் முல்வேனி சொன்னார். அதையும் நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

அதே மேத்தமேட்டிகா மதிப்பீட்டில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருந்தது. மையங்களுக்கு வந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், பள்ளி முடிந்த பிறகான நேரத்தில் தாங்கள் கூடுதல் பாதுகாப்பாக உணர்வதாகச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, எனக்குப் பயம் குறைந்திருக்கிறது என்கிறது. பெரியவர்கள், அது சரி, கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள்.

மதிப்பெண்ணை அளக்காதே என்று நான் சொல்லவில்லை. அளந்ததால்தானே இல்லம் தேடிக் கல்வியின் பலன் நமக்குத் தெரிந்தது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் அளந்தால், வேலைக்குப் போன அம்மா வரும்வரை பிள்ளை எங்கே இருந்தது என்ற கேள்விக்குக் கட்டமே இருக்காது. கட்டம் இல்லாததற்கு நிதி வராது.

அமெரிக்க அனுபவத்தில் எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் மூவரும் 2010இல் ஏராளமான மாலைநேரத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நான்கு குணங்கள் இருந்த திட்டங்கள் பலன் தந்தன, அவை இல்லாதவை தரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது, பிள்ளை தானே செய்து பார்ப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எதைக் கற்பிக்கிறோம் என்ற தெளிவு. மேலோட்டமாகப் பார்த்தால் பாடத்திட்டம் பற்றிய பட்டியல். ஆனால் நேற்று எங்கே விட்டோம் என்று தெரிந்த ஆள் இன்றும் வந்தால்தானே 'படிப்படியாக' என்பது நடக்கும்? மூன்று மாதத்துக்கு ஒரு மிஸ் மாறினால் பிள்ளைகள் எப்போதும் முதல் படியிலேயே நிற்கும்.

*

அதனால் என் வாதம் எளிது. மாலை வகுப்பின் தரத்தை உயர்த்துவது, அதற்கு நிதி தருவது என்று இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக நாம் பேசுகிறோம். அவை ஒன்றே. அந்த ஆளை மூன்று நான்கு வருடம் அங்கேயே இருக்க வைக்கும் தொகை எதுவோ, அதுதான் தரத்தின் விலை.

எவ்வளவு ஆகும்? தொற்றுக்காலத்து அளவில் 2 லட்சம் மையங்கள் இனித் தேவைப்படாமல் போகலாம். 1 லட்சம் என்று வைப்போம். ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய், பகுதிநேரச் சம்பளம், சம்பளம் என்ற பெயரிலேயே. வருடத்துக்கு 720 கோடி. அந்த 44,042 கோடியில் 1.6 சதவீதம். இதில் ஒரு சுண்டல், ஒரு டியூப்லைட், மாதம் ஒருமுறை பயிற்சி, வந்து பார்த்துக் குறை சொல்லாமல் உதவி செய்யும் ஒரு மேற்பார்வையாளர் எல்லாம் சேர்த்தால் கூடும். 2 சதவீதத்தைத் தாண்டலாம். முடியாத தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோதும் காசு எங்கே என்றுதான் கேட்டார்கள். பிள்ளையின் மதியத்துக்கு அரசு பொறுப்பு என்பதை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. சாயங்காலம் மட்டும் ஏன் யாருடைய நல்ல மனசையோ நம்பி நிற்க வேண்டும்?

நல்ல மனசு இருக்கிறது, நிறைய இருக்கிறது என்பதை 2 லட்சம் பேர் காட்டிவிட்டார்கள். அதை இலவசமாகக் கிடைக்கும் மூலப்பொருள் என்று வாசித்ததுதான் தப்பான வாசிப்பு. அடுத்த முறை ஓர் அரசாணையிலோ அறிக்கையிலோ 'தன்னார்வலர்' என்ற சொல்லைப் பார்த்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஆசிரியை' என்று போட்டு வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் தொகை கண்ணை உறுத்தினால், சொல் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று புரிந்துவிடும்.